பழைய துவக்குப் பிடங்கைச் சீர்செய்தல்: பொலிஷுக்கு முன்னால் செய்யவேண்டியவை

வன்னியில் பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு வீட்டில் நிற்கும் பழைய சொட்கன்களில், இரும்பு பழுதாவதற்கு எத்தனையோ வருடம் முன்பே மரம் பழுதாகிவிடும். குழல் நேராக இருக்கும், உள்ளே மினுக்கமும் இருக்கும். ஆனால் பிடங்கின், அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியின், மெலிந்த கழுத்தில் ஒரு வெடிப்பு, அதன்மேல் செப்புக்கம்பிச் சுற்று, அதற்கும் மேலே கறுத்துப் பிசுபிசுத்த வார்னிஷ். கொண்டுவருபவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "நல்லா ஒரு பொலிஷ் போட்டுத் தாங்கோ." பொலிஷ் கடைசி வேலை. கழுத்து ஏன் வெடித்தது என்று பார்க்காமல் மேலே பூசினால், அடுத்த காலபோகத்தில் அதே இடத்தில் அதே வெடிப்பு திரும்ப வரும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மரத்துக்குள் எண்ணெய் ஊறியிருக்கும், அல்லது இரும்பு மரத்தில் சரியாக இருந்திருக்காது. பல பிடங்குகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

வேலை தொடங்குமுன் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. இலங்கையில் துவக்கு வைத்திருப்பதும் பழுதுபார்ப்பதும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். அனுமதிப்பத்திரக்காரர் வெடி போட்டில்லை என்று உறுதிசெய்து, அனுமதியுள்ள பழுதுபார்ப்பவரைக் கொண்டு இரும்பைக் கழற்றிக்கொள்ளட்டும். தச்சுமேசைக்கு மரம் மட்டும் வந்தால் போதும். இங்கே எழுதுவதெல்லாம் அந்த மரத்தைப் பற்றியதுதான். எங்கள் பகுதியில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. காணி துப்புரவாக்கும்போதோ கிணறு இறைக்கும்போதோ துவக்கோ வெடிபொருளோ தென்பட்டால், மரம் நல்லாயிருக்கிறது என்று கையை வைக்கவேண்டாம். அப்படியே விட்டு விலகி 119க்கு அறிவியுங்கள்.

மரம் கைக்கு வந்ததும் முதலில் என்ன மரம், என்ன பூச்சு என்று பார்க்கவேண்டும். பேர்மிங்காமிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வந்த துவக்குகளில் இருப்பது வால்நட். உள்மரமான வைரம் கபிலம், நுண்ணிய கறுப்பு ரேகை, கைக்குப் பாரமில்லை. உள்ளூரில் மாற்றிப் போட்ட பிடங்குகளில் தேக்கும் பூவரசும் வரும், சிலதில் முதிரையும் வரும். பூச்சை அறிய, தோளில் படும் பின்தகட்டுக்குக் கீழே மறைவான ஓர் இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். ஒட்டிக்கொண்டு கரைந்தால் அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பிற்காலத்தில் யாரோ பூசிய பொலியூரிதேன் வார்னிஷ். அதற்குப் பெயின்ற் ரிமூவர்தான் வேண்டும். கண்ணாடித் துண்டாலோ கத்தியாலோ சுரண்டி எடுக்கும் பழக்கம் எங்களூரில் பரவலாக உண்டு. அது பூச்சோடு சேர்த்து மரத்தின் வடிவத்தையும் எடுத்துவிடும். ரிமூவரைத் தடிப்பாகப் பூசி, பொலித்தீனால் மூடி, இருபது நிமிடம் விட்டு, மூங்கில் சிராயால் வழித்தெடுங்கள். சொரசொரப்புக் கட்டம் வெட்டிய பிடிப்பகுதியில் பழைய பிரஷ் போதும். கோஸ்டிக் சோடா மட்டும் வேண்டாம். அது மரத்தைக் கறுப்பாக்கி நாரை நைந்துபோகச் செய்யும். கழுவினாலும் உள்ளே மிச்சம் நின்று, பின்னர் போடும் எண்ணெயைக் காயவிடாது.

இனி எண்ணெய். துவக்கைச் சுவரில் குழல் மேலே பார்க்கச் சாத்திவைப்பதுதான் இங்கே வழக்கம். குழலுக்கும் விசைக்கும் விடும் எண்ணெய், வருடக்கணக்கில் சிறுகச்சிறுக இறங்கி, இரும்பும் மரமும் சந்திக்கும் தலைப்பகுதிக்குள் ஊறிவிடும். அந்த இடம் அறுவாய்முகம், நாருக்குக் குறுக்காக அறுத்த பக்கம். நார்களின் வாய் திறந்திருப்பதால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஊறிய மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும். சுடும்போது இரும்பு முழு விசையோடு பின்னால் வந்து மோதுவது அந்த மெத்தென்ற இடத்தில்தான். மரம் நசுங்கும், இடைவெளி விழும், இரும்பு ஆடும், கழுத்து பிளக்கும். இதற்குமேல் எந்தப் பசையும் நிற்காது. ஆகவே எண்ணெயை எடுக்காமல் வெடிப்பைத் தொடவேண்டாம்.

எடுக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சோக்குத் தூளை அசிற்றோனில், அது இல்லாவிட்டால் நல்ல தின்னரில், தோசைமாப் பதத்துக்குக் குழையுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் பாவிக்கவேண்டாம், அதன் காரம் வால்நட்டைக் கறுப்பாக்கும். கறுத்த இடம் முழுவதும், விசை அடங்கிய இரும்புப் பெட்டி உட்காரும் குழிக்குள்ளும், அரை சென்ரிமீற்றர் தடிப்பில் அப்பி, மெல்லிய வெயிலில் வையுங்கள். தின்னர் எண்ணெயைக் கரைக்கும். அது ஆவியாகி வெளியேறும்போது எண்ணெயை மேலே இழுத்துவரும், தூள் அதைக் குடிக்கும். அடுத்தநாள் வெள்ளைப் பூச்சு மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறியிருக்கும். உதிர்த்துத் தட்டிவிட்டுத் திரும்ப அப்புங்கள். பூச்சு காய்ந்தும் வெள்ளையாகவே நின்றால் போதும் என்று அர்த்தம். மோசமாக ஊறிய பிடங்குக்கு ஒரு கிழமைக்கு மேலும் ஆகும். வேலை வெளியில், காற்றோட்டத்தில், அடுப்புக்கும் பீடிக்கும் தூரத்தில் நடக்கவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முழு வெயிலில் வைக்கவேண்டாம். மரத்தின் மேற்பக்கம் ஒரேயடியாகக் காய்ந்து புது வெடிப்பு விழும். மர நிழலே அப்போது போதும்.

எண்ணெய் போனதும் மறைந்திருந்த வெடிப்புகள் தெரியவரும். நம்பகமான சோதனை ஒன்று உண்டு. கழுத்தைச் சுற்றி ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்துவிட்டு, ரோச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். மேற்பரப்பு சில நொடிகளில் காய்ந்துவிடும், வெடிப்புக்குள் போன ஸ்பிரிட் காயாமல் மெல்லிய ஈரக்கோடாக நிற்கும். கண்ணுக்கு ஓர் அங்குலமாகத் தெரிந்த வெடிப்பு, ஈரக்கோட்டில் மூன்று அங்குலம் ஓடும். கோடு முடியும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பசை அதுவரை போகவேண்டும்.

பசைக்கு முன் நசிவுகளை எழுப்பிவிடுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் பின்னர் ஒட்டப்போகும் எப்பொக்சிப் பசை, அதாவது அரல்டைட், சூட்டில் இளகும். ஒட்டிய பிறகு ஆவி பிடித்தால் ஒட்டு விட்டுப்போகலாம். பருத்தித் துணியை நனைத்து நாலாக மடித்து நசிவின்மேல் வைத்து, சூடான ஸ்திரிக்கைப்பெட்டியின் நுனியால் சில நொடி அழுத்துங்கள். ஆவி நாருக்குள் போய், நசிந்த நார் ஊதி மேலே வரும். துணி உலரவிடாமல் நனைத்து நனைத்து ஐந்தாறு முறை செய்தால் பெரும்பாலான நசிவுகள் சமமாகும். நார் அறுந்துபோன வெட்டுக்காயம் இதற்கு எழும்பாது, ஒட்டுத்தான் போடவேண்டும். அதன்பின் ஒருநாள் முழுவதும் உலரவிடுங்கள்.

வெடிப்பை ஒட்ட, 24 மணித்தியாலம் எடுக்கும் சாதாரண அரல்டைட் நல்லது. ஐந்து நிமிட அரல்டைட் உள்ளே இறங்குமுன்பே கட்டிவிடும். இரண்டு ரியூபிலும் சம அளவு பிழிந்து, குறைந்தது இரண்டு நிமிடம் கலக்குங்கள். அரைகுறையாகக் கலந்த பசை எத்தனை நாளானாலும் றப்பராகவே நிற்கும். மரத்தை வெயிலில் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கிவிட்டு, மெல்லிய மூங்கில் சிராயால் வெடிப்பை மயிரிழை திறந்து, பசையை வைத்தால் சூட்டில் தண்ணீராகி உள்ளே ஓடும். பிடங்கை மெதுவாக வளைத்து விட்டால் இன்னும் இறங்கும். மறுபக்கத்தில் பசை துளிர்ப்பதைக் காணும்வரை விடாதீர்கள். பிறகு சிராயை எடுத்து, பொலித்தீன் ஒரு சுற்று, அதன்மேல் இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய பழைய சைக்கிள் ரியூப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். வளைந்த கழுத்துக்கு எந்தக் கிளாம்பும் இந்த அளவுக்குச் சமமாகப் பிடிக்காது. வழிந்த பசையைக் கட்டுமுன்பே ஸ்பிரிட் துணியால் துடைத்துவிட்டால் பின்னால் அரைக்கும் வேலை மிச்சம்.

வெடிப்பு கழுத்தின் பாதிக்குமேல் ஓடியிருந்தால் பசை மட்டும் போதாது. பெட்டி இருக்கும் குழிக்குள்ளிருந்து, வெளியே தெரியாதபடி, வெடிப்பைக் குறுக்காகக் கடக்கும் சாய்வில் துளையிட்டு 3 மில்லிமீற்றர் மரையுள்ள பித்தளைக் கம்பி ஒன்றை வைக்கவேண்டும். துளை 3.5 மில்லிமீற்றர், நீளம் 35 முதல் 40 மில்லிமீற்றர். அலகில் ரேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் வெளியே வந்துவிடும். மரையில் பசை பிடிக்கும், வழவழப்பான கம்பியில் பிடிக்காது. இரும்பு ஆணி வேண்டாம். அது துருப்பிடித்து வீங்கி, அதுவே புது வெடிப்பை உண்டாக்கும். பழைய பிடங்குகளில் வெளியிலிருந்து அடித்த ஆணிகளைச் சுற்றி மைபோலக் கறுத்திருப்பது, மரத்தின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்ததால் வந்தது. ஒரு தேக்கரண்டி ஒக்சாலிக் அமிலத்தைக் கால் லீற்றர் சுடுநீரில் கரைத்துப் பூசினால் அந்தக் கறை வெளுக்கும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து உலரவிடவேண்டும். அது நஞ்சு. கையுறை போடுங்கள், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். கறை இலேசாக இருந்தால் தேசிக்காய்ச் சாற்றை முதலில் முயன்று பார்க்கலாம்.

செப்புக்கம்பியோ பச்சைத்தோலோ சுற்றிய கழுத்தைப் பார்த்து முகம் சுழிக்கத் தேவையில்லை. பசை கிடைக்காத காலத்தில் அதுதான் துவக்கைக் காப்பாற்றியது. நனைத்துச் சுற்றிய தோல் காயும்போது இறுகும் இறுக்கம் சாதாரணமானதல்ல. ஆனாலும் அதற்குக் கீழே வியர்வையும் மழைநீரும் தங்கி மரம் உக்கியிருக்கும். அவிழ்த்துப் பார்க்காமல் விடவேண்டாம்.

ஒட்டுப்போட எந்த மரம்? வால்நட் இங்கே கிடைக்காது. எங்கள் தெரிவு பூவரசின் வைரம். வேலிக்கரையில் நிற்கும் முதிர்ந்த பூவரசை அறுத்தால் உள்ளே கடுங்கபிலமும் ஊதாச்சாயலுமாக, நுண்ணிய நாரோடு ஒரு மரம் கிடைக்கும். எண்ணெய் போட்டால் வால்நட்டுக்குப் பக்கத்தில் வரும். துவக்குப் பிடங்குக்கே பாவித்த மரம் அது. ஆனால் நிழலில் இரண்டு மாரி காய்ந்த துண்டாக இருக்கவேண்டும். தேக்கு நல்ல மரம்தான். அதன் துளை பெரிது, சொந்த எண்ணெய் வேறு இருக்கிறது. ஒட்டுமுன் அசிற்றோனால் துடைத்து உடனே ஒட்டினால்தான் பசை பிடிக்கும். முதிரை அழகு, ஆனால் மஞ்சள். வால்நட்டில் வைத்தால் தூரத்திலிருந்தே தெரியும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் கொண்டுவரும், முகத்தை மூடி வேலைசெய்யுங்கள். பாலை தண்ணீரில் தாழும் பாரம், காயும்போது வெடிக்கவும் செய்யும். முழுப் பிடங்குக்கு அது ஆகாது. முதிரையும் பாலையும் வேண்டுமென்றால் பழைய வீட்டுக் கதவுநிலை, உடைந்த வண்டி என்று பழைய மரத்திலிருந்து எடுப்பதே நல்லது.

ஒட்டுத்துண்டின் நார், பிடங்கின் நார் ஓடும் பக்கமே ஓடவேண்டும். துண்டைச் சதுரமாக வெட்டினால் குறுக்குக்கோடு என்றைக்கும் தெரியும். இரண்டு நுனியும் கூராக, தோணி வடிவில் வெட்டினால் கோடு நாரோடு கலந்துவிடும். குழியைத் துண்டுக்கு ஏற்ப வெட்டுங்கள், துண்டைக் குழிக்கு ஏற்ப அல்ல. மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பதை மயிரிழை இடைவெளிக்கு மட்டும் வையுங்கள். எண்ணெய் போட்டதும் அது மரத்தைவிடக் கறுப்பாகத் தெரியும்.

இப்போது இருப்பு, அதாவது இரும்பு மரத்தில் உட்காரும் விதம். இரும்புப் பெட்டியின் தட்டையான பின்முகம் முழுவதும் மரத்தில் படவேண்டும். பெட்டியிலிருந்து பின்னால் மெலிந்து நீளும் வால்தகட்டின் நுனி மரத்தில் படவே கூடாது. பட்டால் ஒவ்வொரு வெடிக்கும் அந்த நுனி ஆப்பாக இறங்கி கழுத்தைப் பிளக்கும். நுனிக்குப் பின்னால் அரை மில்லிமீற்றர், ஒரு தடித்த கடதாசி நுழையும் இடைவெளி விடவேண்டும். கழுத்து வெடித்து வரும் பிடங்குகளில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

எங்கே படுகிறது என்று அறியப் பழைய முறையே சிறந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் பெட்டியின் பின்முகத்தைக் காட்டினால் மெல்லிய கரி படியும். அனுமதியுள்ளவர் இரும்பை மரத்தில் நேராக இருத்தி, கையால் அழுத்தி, நேராகவே திரும்ப எடுக்கட்டும். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடம் உயர்ந்த இடம். கூரான உளியால் அந்தக் கறுப்பை மட்டும், தூள் விழும் அளவுக்குச் சீவுங்கள். திரும்ப இருத்துங்கள், திரும்பச் சீவுங்கள். முதலில் இரண்டு மூன்று புள்ளிகளாகப் பட்ட கரி, மெல்ல மெல்லப் பரந்து இரண்டு பக்கத்திலும் சமமாகப் படும். அவசரத்தில் அரத்தால் ராவினால் ஓரம் உருண்டு, நடுவில் மட்டும் படும் முகமாகிவிடும். எண்ணெயால் நசிந்து தாழ்ந்த முகத்தை, உக்கிய மரத்தை வழித்தெடுத்துவிட்டு, அரல்டைட்டோடு மெல்லிய மரத்தூள் கலந்து கட்டியெழுப்பலாம். இரும்பில் முன்கூட்டியே மெழுகு பூசியிருக்கவேண்டும், ஆணித்துளைகளுக்குள்ளும். மெழுகு விட்டுப்போன ஓர் இடம் போதும், இரும்பும் மரமும் பிரிக்கமுடியாதபடி ஒட்டிவிடும்.

சாண்ட்பேப்பரை எவ்வளவு குறைவாகப் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 180, 240, 320 என்று ஏறுங்கள், எப்போதும் நாரோடு, எப்போதும் கட்டையில் சுற்றி. வெறும் விரலால் தேய்த்தால் மெத்தென்ற இடம் குழியும். இரும்பைச் சந்திக்கும் ஓரங்களைத் தொடவேண்டாம். அங்கே மரம் இரும்பைவிடக் கடதாசித் தடிப்பில் உயர்ந்திருப்பதுதான் சரி, தாழ்ந்தால் திரும்பக் கொண்டுவர வழியில்லை. பெயரின் முதலெழுத்து, இலக்கம், முத்திரை எதையும் அழிக்கவேண்டாம். கட்டம் வெட்டிய பகுதியை ரேப்பால் மூடிவிடுங்கள். கடைசியில் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் மெல்லிய மயிர் எழும்பும். அதை 400ஆம் நம்பரால் தடவி எடுங்கள். இரண்டுமுறை செய்தால் பிறகு மழையில் நனைந்தாலும் சொரசொரக்காது.

பூச்சுக்குக் காய்ச்சிய லின்சீட் எண்ணெய். பச்சை லின்சீட் காய நாட்கணக்கில் எடுக்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், பழைய என்ஜின் ஒயில் எதுவும் ஆகாது. அவை காயவே காயாது. தூசியும் எறும்பும் பிடித்து, மறுபடியும் மரத்துக்குள் ஊறி, முதலில் எடுத்த எண்ணெயின் இடத்தில் வந்து உட்காரும். முதற்பூச்சு எண்ணெயும் ரேப்பன்ரைனும் சமபங்கு. தாராளமாகப் பூசி, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அடுத்த பூச்சுகளுக்கு எண்ணெய் மட்டும். முழுப் பிடங்குக்கும் ஒரு தேக்கரண்டி தாராளம். உள்ளங்கை சூடேறத் தேய்த்து, பிறகு துணியால் ஒற்றி எடுங்கள். மாசி, பங்குனியில் நாளுக்கொரு பூச்சுப் போடலாம். மாரியில் இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும். தொட்டால் ஒட்டும் பூச்சின்மேல் அடுத்ததைப் போட்டால் கீழே உள்ளது என்றைக்கும் காயாது. அப்படி ஒட்டிக்கொண்டு நின்றால் ரேப்பன்ரைனில் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதே வழி. எட்டுப் பத்துப் பூச்சில் மெல்லிய மினுக்கம் வரும். கண்ணாடிபோல் மினுங்கவேண்டும் என்று வார்னிஷ் கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: வார்னிஷ் கீறினால் முழுவதையும் எடுக்கவேண்டும், எண்ணெய்ப்பூச்சில் கீறிய இடத்தில் ஒரு துளி தேய்த்தால் முடிந்தது.

வெளியே இவ்வளவு பாடுபட்டுவிட்டு உள்ளே பச்சையாக விடுபவர்கள் பலர். ஈரம் அதிகம் ஏறுவது அறுவாய் வழியாகத்தான். பெட்டிக் குழிக்குள்ளும் பின்தகட்டுக்குக் கீழும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு இரண்டு பூச்சுக் கட்டாயம். எண்ணெய் மறுபடி ஊறுவதையும் அது தடுக்கும்.

எண்ணெய் தொட்ட துணியைப் பற்றி இதைக் கவனமாக வாசியுங்கள். லின்சீட் எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கிடுகுக் கொட்டிலில் வேலைசெய்யும் எவருக்கும் இது உயிர்ப் பிரச்சினை. துணியைத் தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டபின் எறியுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு விடயத்தைச் சொல்லிவிடுங்கள். குழலுக்கு எண்ணெய் விட்டால் துடைத்துவிட்டு, குழல் கீழே பார்க்க, சீமெந்து நிலத்தில் அல்லாமல் ஒரு மரத்துண்டின்மேல் நிறுத்தி, பூட்டிய இடத்தில் வைக்கவேண்டும். முதல் மாரி போய் கச்சான் காற்றுத் தொடங்கியதும் மரம் சுருங்கும். அப்போது பிடங்கைப் பிடிக்கும் திருகாணி ஒரு கால் சுற்றாவது இளகியிருக்கும், இறுக்கிவிடச் சொல்லுங்கள்.